ஒரு கை மிக்ஸரும் ஒரு தீவும்

தெற்கு அட்லாண்டிக் கடலில் டிரிஸ்டன் டா குன்யா என்று ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது. விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கப்பலில் போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், போய்ச் சேர்ந்தாலும் கடல் மூர்க்கமாக இருந்தால் தீவைக் கண்ணால் பார்த்தபடியே இறங்க முடியாமல் காத்துக் கிடக்க வேண்டும். பக்கத்து ஊர் என்று சொல்ல வேண்டுமென்றால் செயின்ட் ஹெலினா தீவு, அது 2,400 கிலோமீட்டர் தள்ளி. மொத்த ஜனத்தொகை 250க்கும் கீழே, நம்மூர்க் கல்யாணத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிறவர்கள் இதைவிட அதிகம். நீண்ட காலமாக ஊர் முழுக்க ஏழே ஏழு குடும்பப் பெயர்கள்தான்.

மருத்துவர்கள் மத்தியில் இந்தத் தீவுக்கு ஒரு பெயர் உண்டு. 1990களில் ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆஸ்துமாவோ அதன் அறிகுறியோ இருந்தது. புகை கக்கும் ஆலை ஒன்றுகூட இல்லாத ஊர், சுற்றிலும் கடல் காற்று. அப்புறம் இளைப்பு எங்கிருந்து வந்தது?

1816இல் பிரிட்டன் இந்தத் தீவில் ஒரு சின்னப் படையை இறக்கியது. காரணம் நெப்போலியன். அவரை செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்திருந்தார்கள், இந்தப் பக்கமாக யாராவது வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். அடுத்த வருஷமே பயம் தெளிந்து படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மட்டும், நான் மனைவி குழந்தைகளோடு இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று இன்னும் ஓரிருவரோடு தங்கிவிட்டார். அப்புறம் கப்பல் உடைந்து கரையேறியவர்கள், திமிங்கில வேட்டைக் கப்பல் வாழ்க்கை அலுத்துப்போய் இறங்கிக்கொண்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மணமாகாத ஆண்கள் கேட்டுக்கொண்டதால் 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து சில பெண்கள் கப்பலேறி வந்தார்கள். முன்பின் பார்த்திராத மாப்பிள்ளையை நம்பி, திரும்ப வழியில்லாத தீவுக்கு! இன்றைய தீவுக்காரர்களின் வம்சத்தைப் பின்னோக்கித் துருவிக்கொண்டே போனால் அது சுமார் பதினைந்து பேரில் போய் முடிகிறது. அந்தப் பதினைந்து பேரில் சிலருக்கு இளைப்பு இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். லண்டனில் அதே ஆட்கள் குடியிருந்திருந்தால் லட்சக்கணக்கானவர்களுக்கு நடுவில் அந்த மரபணு கரைந்து போயிருக்கும், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இதற்கு உயிரியலில் ஃபவுண்டர் எஃபெக்ட் என்று பெயர். எர்ன்ஸ்ட் மேயர் என்ற உயிரியலாளர் 1942இல் வைத்தது. தமிழில் ‘நிறுவனர் விளைவு’ என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தாலே எனக்கு யாரோ கம்பெனி முதலாளி ஞாபகம் வருகிறது, அதனால் நான் ‘முதல் குடிகள் விளைவு’ என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு பெரிய டின் நிறைய மிக்ஸர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வறுத்த கறிவேப்பிலை, எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும் முந்திரி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளுகிறீர்கள். அதிர்ஷ்டம், இரண்டு முந்திரி வந்துவிட்டது. கறிவேப்பிலை ஒன்றுகூட இல்லை. இப்போது அந்தக் கையளவு மிக்ஸரை மட்டும் மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே விகிதத்தில் ஒரு புது டின் தயார் செய்தால் என்ன ஆகும்? புது டின்னில் முந்திரி கொட்டிக் கிடக்கும், கறிவேப்பிலை மருந்துக்கும் இருக்காது. முந்திரி உசத்தி என்று யாரும் பொறுக்கி எடுக்கவில்லை, கறிவேப்பிலைமேல் யாருக்கும் கோபமும் இல்லை, கை எங்கே போனதோ அதுதான் புது டின்னின் தலையெழுத்து. பெரிய சமூகத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் பிரிந்து போய்த் தனியாகப் பெருகும்போது இதேதான் நடக்கிறது. கூட்டம் சின்னதாகவே இருக்கும்வரை ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பத் திரும்ப ஒரு கை அள்ளுகிற மாதிரிதான். ஊரே ஐம்பது பேர் என்றால், ஒருவர் பிள்ளை இல்லாமல் செத்துப்போனாலும் இன்னொருவர் பத்துப் பிள்ளை பெற்றாலும் அடுத்த தலைமுறையின் கலவை மாறிவிடும். ஐம்பது லட்சம் பேர் உள்ள நகரத்தில் அது தெரியவே தெரியாது.

இது ஏதோ ஒதுங்கிக் கிடக்கும் தீவுக்காரர்கள் கதை என்று நினைக்க வேண்டாம், மனித குலம் மொத்தமும் இப்படித்தான் பரவியிருக்கிறது. நம் இனம் ஆப்பிரிக்காவில் தோன்றி ஏறக்குறைய மூன்று லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய கூட்டங்களிலிருந்துதான் மற்றக் கண்டங்களின் மக்கள் பெரும்பாலும் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதி மேலும் நடந்தது, அதிலிருந்து ஒரு பகுதி இன்னும் நடந்தது, கையிலிருந்து அள்ளிய கை என்று போய்க்கொண்டே இருந்தது. 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வுகளில் இது பளிச்சென்று தெரிந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நடை தூரம் கூடக் கூட, ஒரு சமூகத்துக்குள் இருக்கும் மரபணு வகைகள் குறைந்துகொண்டே போகின்றன. ஆப்பிரிக்காவில் மிக அதிகம், கடைசிக் கோடியான தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் மிகக் குறைவு. முழு டின் இன்னமும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது, மற்ற எல்லாரும் அள்ளியதில் அள்ளியவர்கள்.

சரி, சில சமயம் கூட்டம் எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே சுருங்கிவிடும். விளைவு கிட்டத்தட்ட அதேதான். பசிபிக்கில், மைக்ரோனேசியாவில், பிங்கலாப் என்று ஒரு பவளத்தீவு. 1775 வாக்கில் ஒரு பெரும்புயல் அடித்தது, அலை தீவின்மேல் ஏறியது, மிச்சமிருந்த பயிரும் உப்பில் கருகியதால் புயலுக்குத் தப்பியவர்கள் பசியில் செத்தார்கள். கடைசியில் எஞ்சியது சுமார் இருபது பேர். அதில் தீவின் ராஜாவும் ஒருவர். அவரிடம் பழுதான மரபணு ஒன்று இருந்தது, அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அவர் கண் நன்றாகத்தான் இருந்தது.

இங்கே பள்ளிக்கூடப் பாடம் கொஞ்சம் தேவைப்படுகிறது. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்போம். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. வீட்டுக்கு இரண்டு சாவி இருப்பது மாதிரி. ஒரு சாவி வளைந்துபோனாலும் இன்னொன்றை வைத்துக் கதவைத் திறந்துவிடலாம், வளைந்தது இருப்பதே தெரியாது. இரண்டும் வளைந்ததாக அமைந்தால்தான் வெளியே நிற்க வேண்டியிருக்கும். நம் ஒவ்வொருவரிடமும் இப்படி வளைந்த சாவிகள் சில இருக்கத்தான் செய்கின்றன. கல்யாணம் செய்துகொள்கிறவரிடமும் அதே சாவி வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்கு இரண்டும் பழுதாகச் சேர வாய்ப்பு வருகிறது. பெரிய ஊரில் அது அரிது. இருபது பேரிலிருந்து பெருகிய ஊரில், சில தலைமுறை கழித்து, யாரை யார் கட்டினாலும் இரண்டு பக்கமும் அந்த ராஜா வந்து நிற்பார்.

அப்படித்தான் பிங்கலாப்பில் நிறமே தெரியாத பிள்ளைகள் பிறக்க ஆரம்பித்தார்கள். உலகத்தின் மற்ற இடங்களில் 30,000 பேருக்கு ஒருவர் என்கிற மாதிரி அபூர்வமாக வரும் முழு நிறக்குருடு, இங்கே பத்து இருபது பேருக்கு ஒருவருக்கு. தீவின் மொழியில் அதற்கு ‘மஸ்குன்’ என்று பெயர், பார்க்க முடியாமை என்று பொருள். சிவப்பு பச்சை குழம்புகிற சாதாரண நிறக்குருடோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்களுக்கு உலகமே கறுப்பு, வெள்ளை, சாம்பல். பகல் வெளிச்சத்தில் கண் கூசி இமையை இடுக்கிக்கொண்டுதான் நடப்பார்கள், எழுத்துப் படிப்பதும் கஷ்டம். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் நிலைமை வேறு. இரவில் பந்தம் பிடித்துக்கொண்டு பறக்கும் மீன் பிடிக்கப் போகும்போது இவர்கள் கெட்டிக்காரர்கள் என்று அங்கே பெயர். ஊரில் பத்தில் ஒருவருக்கு ஒரு குறை இருந்தால், ஊர் அதற்கு ஒரு வேலையும் கண்டுபிடித்துவிடும் போல.

இதுவரை சொன்னது மரபணுக் கணக்கு. தனித்து வாழ்வதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது நோய்க் கிருமியுடையது. தட்டம்மை மாதிரியான தொற்றுநோய் ஒரு ஊரில் நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால், அதற்குப் புதிது புதிதாகப் பிள்ளைகள் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு அது மறுபடி வராது. சில லட்சம் பேர் உள்ள நகரத்தில் அதற்கு என்றும் தீனி உண்டு. சில ஆயிரம் பேர் உள்ள தீவில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பிடித்துவிட்டு அதுவே அணைந்துவிடும், அடுத்த கப்பல் அதைக் கொண்டுவரும்வரை.

டென்மார்க்கின் கீழுள்ள ஃபேரோ தீவுகளில் 1846இல் நடந்ததைத்தான் நோய்ப்பரவல் படிப்பவர்கள் எல்லாரும் முதலில் படிப்பார்கள். கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரோடு தட்டம்மை வந்து இறங்கியது. தீவுகளில் மொத்தம் 7,782 பேர், சில மாதங்களில் அவர்களில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அரசாங்கம் பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் படகில் போய், யாருக்கு என்று வந்தது, அதற்கு எத்தனை நாள் முன்னால் யாரைப் பார்த்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டே போனார். ஒரு விஷயம் விசித்திரமாக இருந்தது, பல்லுப்போன கிழவர் கிழவிகள் பலர் ஜம்மென்று நடமாடிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், ஃபேரோவில் கடைசியாகத் தட்டம்மை வந்தது 1781இல், இவர்களுக்கு அப்போதே சின்ன வயதில் வந்து போய்விட்டது. நடுவில் 65 வருஷம் அந்த நோயே இல்லை, ஆனாலும் உடம்பு மறக்கவில்லை. ஒருமுறை தட்டம்மை வந்தால் ஆயுளுக்கும் காப்பு என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்ட, இப்படி வெளியுலகத் தொடர்பு விட்டு விட்டு வரும் ஒரு தீவுதான் தேவைப்பட்டது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவில் இன்னும் பழைய அனுபவம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து படகு வந்து போன சில நாளில் ஊரே இருமும், அதற்கு ‘அந்நியர் இருமல்’ என்று தங்கள் மொழியில் பெயரே வைத்திருந்தார்கள். வெளியூர் அறிவாளிகள் பல வருஷம் அதைக் கட்டுக்கதை என்று சிரித்தார்கள். அந்தத் தீவில் கடைசியாக மிஞ்சிய 36 பேரும், எங்களை அழைத்துக்கொண்டு போங்கள் என்று தாங்களே கேட்டு, 1930 ஆகஸ்டில் வெளியேறிவிட்டார்கள்.

டிரிஸ்டன்காரர்கள் கதை நேர் எதிர். 1961 அக்டோபரில் எரிமலை வெடித்து 260 பேருக்கு மேல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வந்த முதல் குளிர்காலத்திலேயே சளி, நிமோனியா என்று வரிசையாகப் படுத்தார்கள், வயதானவர்கள் சிலர் இறந்தும் போனார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, டெலிவிஷன் கூட. ஒரு வருஷம் கழித்து, திரும்பிப் போகலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தபோது 148 பேர் போகலாம் என்றார்கள், 5 பேர் வேண்டாம் என்றார்கள். 1963இல் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது கடல்தான் மனிதர்களைப் பிரிக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பசிபிக் மக்களைப் பற்றிப் படிக்கும்வரை. அவர்களுக்குக் கடல் நெடுஞ்சாலை. தைவான் பக்கமிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய மொழிக்குடும்பம் ஒன்று, தீவு தீவாகத் தாவி, ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, சமோவா வரை வந்துவிட்டது. அங்கே நெடுங்காலம் நின்று, அப்புறம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மறுபடி கிளம்பி ஹவாய், ராப்பா நூய் என்கிற ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து என்று உலகின் மிகப்பெரிய கடலை நிரப்பியது. காந்த ஊசி இல்லை, வரைபடம் இல்லை. நட்சத்திரம் எழும் இடம், அலையின் உருளல், பறவை திரும்பும் திசை, இவைதான்.

அவர்கள் தென் அமெரிக்காவையும் தொட்டிருக்கிறார்கள் என்பதற்கு முதல் சாட்சி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர், ஆனால் ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பாலினேசியாவில், அதாவது இவர்கள் குடியேறிய அந்தப் பசிபிக் தீவுகளில், விளைந்துகொண்டிருந்தது. விதை தானாக மிதந்து வந்திருக்கும் என்றார்கள் சிலர். ஆனால் பாலினேசிய மொழிகளில் அதன் பெயர் ‘குமரா’, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்து மொழியிலும் ‘குமர்’ போன்ற சொல் இருக்கிறது. கிழங்கு மிதக்கலாம், பெயர் எப்படி மிதக்கும்? 2020இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, கி.பி. 1200 வாக்கில் இரண்டு மக்களும் கலந்திருப்பதைக் காட்டியது.

1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் டஹிட்டியிலிருந்து ஏறிய துப்பாயியா என்ற பூசாரி, கடலோடி. அவர் நியூசிலாந்தில் இறங்கி அங்கத்துப் பூர்வகுடிகளான மாவோரிகளோடு பேசியபோது, பேச்சு புரிந்தது! 4,000 கிலோமீட்டர் தூரம், சில நூறு ஆண்டுப் பிரிவு, ஆனாலும் புரிந்தது. கூட இருந்த ஐரோப்பியர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

அதே மக்களில் ஒரு கூட்டம், 1500 வாக்கில், நியூசிலாந்திலிருந்து 800 கிலோமீட்டர் கிழக்கே ரேகொஹு தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. மொரியோரி என்று பெயர். குளிர் தாங்காமல் குமரா விளையவில்லை. படகு குடையத் தகுந்த பெரிய மரம் அங்கே இல்லை, நாணல் மாதிரித் தண்டுகளைக் கட்டி, அலை உள்ளே புகுந்து வெளியேறும் மிதவைதான் செய்ய முடிந்தது. அதை வைத்துக்கொண்டு பக்கத்துப் பாறைத் தீவுக்குப் போகலாம், நியூசிலாந்துக்குத் திரும்ப முடியாது. கடல் அதே கடல்தான், மரம் இல்லாததால் சாலை சுவராகிவிட்டது. சண்டை போட்டால் ஒரு சின்னத் தீவில் எல்லாரும் அழிவார்கள் என்று, ஆளைக் கொல்லக் கூடாது என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். 1835இல் ஒரு ஐரோப்பியக் கப்பலில், துப்பாக்கிகளோடு, சுமார் 900 மாவோரிகள் வந்து இறங்கினார்கள். தூரத்து உறவுகள்தான். மொரியோரிகள் கூடிப் பேசி, சட்டத்தை மீற வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், மிச்சப் பேர் அடிமைகளானார்கள், சுமார் 1,700 பேராக இருந்தவர்கள் முப்பது ஆண்டுக்குள் நூறு பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். மக்கள் சந்தித்துக்கொள்வது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எப்படி, என்ன கையில் வைத்துக்கொண்டு சந்திக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆக, ஒரு கூட்டத்தைத் தீவாக்குவது தூரமா? படகு இருந்தால் 4,000 கிலோமீட்டரும் தெரு மாதிரி. இதைத் திருப்பிப் போட்டால்தான் நம் கதை வருகிறது. நூறு கோடிக்கு மேல் ஜனம் நெருக்கியடிக்கும் இந்தியாவில், ஒரே தெருவுக்குள் தீவுகள் இருக்கின்றன.

2013இல் வெளியான ஓர் ஆய்வு சொல்வது இது: ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியத் துணைக்கண்டத்தில் மக்கள் தாராளமாகக் கலந்தார்கள். அப்புறம் கலப்பு அடங்கி, அவரவர் கூட்டத்துக்குள் மட்டுமே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இறுகியது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பார்கள், கிணற்றைக்கூட வேறு வேறாக வைத்திருப்பார்கள், கல்யாணம் மட்டும் ஆயிரம் கிலோமீட்டர் கடல். 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைச் சோதித்தபோது, 81 குழுக்களில் இந்த முதல் குடிகள் விளைவு பலமாக இருந்தது. மரபணு நோய்களுக்காக உலகமே ஆராய்கிற பின்லாந்துக்காரர்களையும், ஐரோப்பாவில் வேர்கொண்ட அஷ்கெனாசி யூதர்களையும்விடப் பலமாக. அந்த 81இல் 14 குழுக்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளவை. இன்றைக்குப் பத்து லட்சம் பேராக இருக்கலாம், ஆரம்பத்தில் அள்ளிய கை சின்னது.

ஆந்திரத்து வைசியர்களிடம் இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும் நொதி ஒன்று நம் ரத்தத்தில் இருக்கிறது. அது குறைவாக இருப்பவர்களுக்குத் தசை பல மணி நேரம் திரும்பாது, அதுவரை இயந்திரம் வைத்துத்தான் மூச்சு விட வைக்க வேண்டும். மற்றவர்களைவிட வைசியர்களிடம் இது நூறு மடங்கு அதிகம். அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒரு தொல்லையும் கிடையாது, ஆபரேஷன் மேஜையில் மட்டும்தான் சிக்கல், அதுவும் முன்பே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துவிடலாம்.

இதற்கு மேல் நம் ஊரில் சொந்தத்தில் கட்டுவது வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள்தான். சொத்து வெளியே போகாது, பெண் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பாள், என்பதெல்லாம் எங்கள் வீட்டிலும் கேட்ட பேச்சு. பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் அடிக்க வருவார்கள், ஒரே குலதெய்வம் என்றால் அண்ணன் தங்கை முறை. அப்பா வழியை இவ்வளவு கவனமாக அடைத்த நம் ஆட்கள், மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று மற்றப் பக்கத்தைத் திறந்தே விட்டுவிட்டார்கள். மரபணுவுக்குக் குலதெய்வம் தெரியாது, மாமன் மகளும் சித்தப்பா மகளும் அதற்கு ஒரே தூரம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவிலும் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக இருக்க பதினாறில் ஒரு வாய்ப்பு, தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கும். ஆனால் சாவி இரண்டும் வளைய வாய்ப்பு கூடுகிறது.

அஷ்கெனாசி யூதர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்களிடம் டே-சாக்ஸ் என்ற கொடிய நோய் அதிகம், பிள்ளைகள் சில வயதிலேயே இறந்துவிடும். அதில் குழந்தைகளைப் பறிகொடுத்த நியூயார்க் மத குரு ஒருவர் 1980களில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே ரத்தப் பரிசோதனை நடக்கும். யாரிடம் எந்த மரபணு பழுது என்று பையனுக்கும் சொல்ல மாட்டார்கள், பெற்றோருக்கும் சொல்ல மாட்டார்கள், கையில் ஓர் எண் மட்டும் கொடுப்பார்கள். வரன் பேசும்போது இரண்டு வீட்டாரும் இரண்டு எண்களையும் சொல்லி போன் செய்தால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று பதில் வரும். இருவரிடமும் ஒரே சாவி வளைந்திருந்தால்தான் பொருந்தாது, அந்தச் சாவி வளையாத வேறு யாரைக் கட்டினாலும் பிரச்சினை இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இது ஒன்றும் அந்நியமான வேலையாகத் தெரியவில்லை.